ஒரு தந்தையின் வாக்கு

மக்களாட்சி நாட்டில் வாழும் ஒருவர், இன்ன வேட்பாளரை ஆதரிக்கிறேன் என்று சொல்வது எளிது. ஏன் ஆதரிக்கிறேன் என்று சொல்வதே அரிது. கட்சி, கொள்கை, நாட்டு நலன் என மேடைக்குப் பொருந்தும் காரணங்கள் பல உள்ளன. ஆயினும் வாக்குச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் நுழையும் மனிதனின் நெஞ்சில் அந்நேரத்தில் எழும் காரணம் பெரும்பாலும் வேறொன்றாகவே இருக்கும். அதை அவன் வெளியே சொல்லக் கூசுவான். சொன்னாலோ பிறர் நகைப்பர்.

நகைத்தவர்களுள் நானும் ஒருவன். ஒருமுறை ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு, 'நான் விரும்பும் தலைவர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். தோட்டப்புறத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி, தன் தந்தை பொதுத்தேர்தலில் ஒருவருக்கு வாக்களித்ததற்குக் காரணம் எழுதியிருந்தாள். அவளுடைய தாத்தா இறந்த அன்று அந்த மனிதர் வந்து, சவம் எடுக்கும்வரை மழையில் நின்றாராம். இதை அவள் வகுப்பில் வாசித்தபோது மாணவர்கள் சிரித்தனர். நானும் புன்னகைத்துவிட்டு, அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இது காரணம் ஆகாது, கொள்கையை எழுதுக" என்று குறிப்பெழுதினேன். பின்னர் 1960ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது அந்தச் சிவப்பு வட்டம் என் நினைவுக்கு வந்தது. இன்றளவும் அது என்னை விட்டு அகலவில்லை. அந்தத் தேர்தலில், அவளுடைய தந்தை சொன்னதை ஒத்த காரணத்தை ஊரறியச் சொன்ன இன்னொரு தந்தை இருந்தார்.

அவர் பெயர் மார்ட்டின் லூதர் கிங். நோபெல் பரிசு பெற்ற மகன் அல்லர்; அவருடைய தந்தை. ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டாக்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் அவருக்கு வழங்கிய பெயர் மைக்கேல். அட்லாண்டா நகருக்கு வந்து, வயது கடந்தபின் பள்ளிப்படிப்பை முடித்து, 1931இல் எபனேசர் பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகரானார். 1934இல் பாப்டிஸ்டுகளின் உலக மாநாட்டிற்காக ஜெர்மனி சென்று திரும்பியபின் தம் பெயரையும், தம் மகனின் பெயரையும் மார்ட்டின் லூதர் என மாற்றிக்கொண்டார். போப்பாண்டவரின் அதிகாரத்தை எதிர்த்துச் சீர்திருத்தத் திருச்சபைக்கு வித்திட்டவர் லூதர் என்பதை மாணவர்கள் ஈண்டு நினைவிற்கொள்ள வேண்டும். ஏனெனில் நம் கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

அவர் எளிதில் வளையும் மனிதர் அல்லர். சிறுவனாக இருந்த மகனுடன் ஒரு காலணிக் கடைக்குள் நுழைந்து முன்வரிசையில் அமர்ந்தபோது, பின்பக்க இருக்கைக்குச் செல்லுமாறு கடைக்காரர் கூறினார். இங்கேயே வாங்குவோம், இல்லையேல் வாங்கவே மாட்டோம் என்று சொல்லி மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். சாலையில் தம்மைப் 'பையா' என்றழைத்த காவலரிடம், பக்கத்தில் இருந்த மகனைக் காட்டி, அவன்தான் பையன், நான் மனிதன் என்றார். மகன் பின்னாளில் எழுதியவற்றிலிருந்து நாம் அறியும் செய்திகள் இவை.

இத்தகையவர் 1960ஆம் ஆண்டில் ஆதரித்தது குடியரசுக் கட்சி வேட்பாளரான ரிச்சர்ட் நிக்சனை. இன்றைய மாணவருக்கு இது வியப்பளிக்கலாம், அன்று வியப்பன்று. அடிமைத்தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கனின் கட்சி குடியரசுக் கட்சி. ஜார்ஜியாவிலோ கறுப்பின மக்களை ஒடுக்கிய ஆளுநர்களும் நீதிபதிகளும் ஷெரீப்புகளும் ஜனநாயகக் கட்சியினர். வேட்பாளரைத் தெரிவு செய்வதற்காக அக்கட்சி நடத்திய முதனிலைத் தேர்தலில் 1946 வரை அம்மாநிலக் கறுப்பர்கள் வாக்களிக்கவே முடியாதிருந்தது. வாயிற்கதவை அடைத்து வைத்திருந்த வீட்டுக்கு ஒருவன் விருந்துக்குப் போவானா?

இரண்டாவது காரணம் சமயம். ஜனநாயகக் கட்சி வேட்பாளரான ஜான் கென்னடி ஒரு கத்தோலிக்கர். அதுவரை கத்தோலிக்கர் எவரும் அமெரிக்க அதிபரானதில்லை. 1928இல் போட்டியிட்ட ஆல் ஸ்மித் தோற்றதற்கு அவருடைய சமயமும் ஒரு காரணமாயிற்று. வெள்ளை மாளிகையில் கத்தோலிக்கர் அமர்ந்தால் ஆணைகள் ரோமாபுரியிலிருந்து வரும் என்று சீர்திருத்தத் திருச்சபையினர் பலர் அஞ்சினர். கென்னடி 1960 செப்டம்பர் 12ஆம் நாள் ஹியூஸ்டன் நகரில் போதகர்கள் கூடிய அவையில் நின்று, அரசும் திருச்சபையும் தனித்தனியே இயங்க வேண்டும் என்பதே தம் நிலை என விளக்க வேண்டியதாயிற்று. அவ்விளக்கம் மூத்த கிங்கை அசைக்கவில்லை. லூதரின் பெயரைச் சூடிக்கொண்டவர், போப்பாண்டவரைத் தலைவராக ஏற்ற ஒருவருக்கு எப்படி வாக்களிப்பார்? இந்தக் காரணம் நேரியது என்று நான் சொல்லமாட்டேன். நிறத்தை வைத்து மனிதரை ஒதுக்குவதை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர், சமயத்தை வைத்து ஒருவரை ஒதுக்கினார். மனிதர் எவரிடமும் இத்தகைய ஓட்டை ஒன்று இருக்கவே செய்கிறது.

அவ்வாண்டு அக்டோபர் 19ஆம் நாள், அட்லாண்டாவின் ரிச்ஸ் பேரங்காடியில் கறுப்பின மாணவர்கள் அமர்வு மறியல் செய்தனர். அங்கே கறுப்பர் பணம் கொடுத்துத் துணி வாங்கலாம். ஆனால் உணவகத்தில் அமர்ந்து உண்ணலாகாது. மாணவர்களோடு இளைய கிங்கும் கைதானார். அப்போது அவருக்கு வயது 31. மாநகரத் தலைவரோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி மாணவர்கள் விடுவிக்கப்பட்டனர். கிங்கை மட்டும் பக்கத்து மாவட்டமான டிகாப் கேட்டு வாங்கிக்கொண்டது. காரணம் மிக அற்பமானது. அவ்வாண்டின் தொடக்கத்தில் அலபாமாவிலிருந்து ஜார்ஜியாவுக்குக் குடிபெயர்ந்த அவர், பழைய மாநிலத்து ஓட்டுநர் உரிமத்தை மாற்றாமல் வண்டியோட்டினார் என்பதற்காக 25 டாலர் அபராதமும் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் முன்னரே விதிக்கப்பட்டிருந்தன. மறியலில் கைதானதால் அந்த நன்னடத்தை முறிந்தது என்றுகூறி, நீதிபதி ஆஸ்கர் மிட்செல் அக்டோபர் 25ஆம் நாள் அவருக்கு நான்கு மாதக் கடுங்காவல் விதித்தார்.

மறுநாள் பொழுது புலருமுன் அவரை எழுப்பி, கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டி, இருளினூடே ஏறத்தாழ 200 மைல் தொலைவிலுள்ள ரீட்ஸ்வில் சிறைக்குக் கொண்டுசென்றனர். ஜார்ஜியாவில் ஒரு கறுப்பரை நள்ளிரவில் வண்டியில் ஏற்றிச் செல்வது எத்தகைய அச்சத்தை விளைக்கும் என்பதைச் சொற்களால் விளக்க வேண்டுவதில்லை. அவருடைய மனைவி கொரெட்டா அப்போது கருவுற்றிருந்தார். கணவரைக் கொன்றுவிடுவார்கள் என்றே அவர் அஞ்சினார்.

கென்னடியின் தேர்தல் பணியகத்தில் ஹாரிஸ் வொஃபர்ட் என்னும் இளம் வழக்கறிஞர் இருந்தார். காந்தியடிகளின் வழியை அறிய இந்தியா சென்று திரும்பியவர். கிங் குடும்பத்தின் நண்பர். அந்தப் பெண்ணிடம் ஆறுதலாக ஒரு சொல் சொன்னால் போதும் என்று அவருக்குத் தோன்றிற்று. கென்னடியின் மைத்துனர் சார்ஜென்ட் ஷ்ரைவரிடம் சொன்னார். சிகாகோ விமான நிலையத்தை ஒட்டிய விடுதி ஒன்றில் கென்னடி தங்கியிருந்தார். அரசியல் ஆலோசகர்கள் அருகில் இருந்தால் தடுத்துவிடுவர் என்பதை அறிந்த ஷ்ரைவர், அவர்கள் அறையை விட்டு அகலும்வரை காத்திருந்து செய்தியைச் சொன்னார். கென்னடி உடனே தொலைபேசியை எடுத்தார். உங்கள் நிலை எனக்குப் புரிகிறது, நீங்கள் கருவுற்றிருப்பதையும் அறிவேன், என்னால் ஆவது ஏதேனும் இருந்தால் தயங்காமல் அழையுங்கள் என்ற அளவில் பேச்சு முடிந்தது. இரண்டு நிமிடங்கள்கூட நீடிக்கவில்லை.

வேட்பாளரின் தம்பியும் தேர்தல் பொறுப்பாளருமான ராபர்ட் கென்னடி இதைக் கேட்டுச் சீறினார். தென்மாநில வெள்ளையர்களின் வாக்குகள் போய்விடும், தேர்தலே கைநழுவிவிடும் என்று வொஃபர்டையும் அவருடைய தோழர்களையும் கடிந்துகொண்டார். ஆனால் அவரே பின்னர் நீதிபதி மிட்செலைத் தொலைபேசியில் அழைத்தார். பிணையில்கூட விடாமல் ஒருவரை அடைத்து வைத்ததே தம்மைச் சினங்கொள்ளச் செய்தது என்று அவர் விளக்கம் தந்தார். அக்டோபர் 27ஆம் நாள் 2,000 டாலர் பிணையில் கிங் வெளிவந்தார்.

அன்றிரவு எபனேசர் திருச்சபை மக்களால் நிரம்பி வழிந்தது. மூத்த கிங் எழுந்தார். சமயத்தின் காரணமாகக் கென்னடிக்கு எதிராக வாக்களிக்க எண்ணியிருந்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். என் மருமகளின் கண்ணீரைத் துடைக்க முன்வந்த மனிதர் கத்தோலிக்கராக இருந்தால் என்ன, வேறு யாராக இருந்தால் என்ன, அவரே என் அதிபர் என்னும் பொருள்படப் பேசினார். தம்மிடம் ஒரு பெட்டி நிறைய வாக்குகள் இருப்பதாகவும், அவற்றைக் கென்னடியின் மடியில் கொட்டப்போவதாகவும் அறிவித்தார்.

இதை அறிந்த கென்னடி, மார்ட்டின் லூதர் கிங்குக்கு இப்படிச் சமயக் காழ்ப்புள்ள ஒரு தந்தையா என்று முதலில் வியந்து, பின்னர், நம் எல்லோருக்கும் தந்தையர் இருக்கத்தானே செய்கின்றனர் என்று சொல்லிச் சிரித்தாராம். அவருடைய தந்தையும் பலருடைய வெறுப்பைச் சம்பாதித்தவர்தாம்.

இனி, இந்தக் காரணத்தின் தரத்தை நாம் எடைபோடலாம். கென்னடியின் பொருளாதாரக் கொள்கை பற்றியோ வெளியுறவுக் கொள்கை பற்றியோ மூத்த கிங் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மருமகளுக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு; அவ்வளவே. என் மாணவி எழுதிய காரணமும் இதுவும் ஒரே தாயின் பிள்ளைகள். ஆனால் சற்றே ஆழ்ந்து நோக்கினால், அந்த அழைப்பு வெறும் மரியாதையாக இருக்கவில்லை என்பது விளங்கும். தென்மாநில வாக்குகளை இழக்க நேரும் என்ற அச்சம் அக்கட்சியின் தலைவர்கள் எல்லோரையும் கட்டிப்போட்டிருந்த வேளை அது. இழப்பு நேரக்கூடிய இடத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் அந்த முதியவர் பார்த்தார். கட்சியின் அறிக்கையில் கறுப்பருக்குச் சார்பான வாசகங்கள் அப்போதும் அச்சாகியிருந்தன. அவற்றை அவர் ஒரு பொருட்டாகக் கருதவில்லை. அறிக்கைகள் எத்தனையோ பார்த்த சமூகம் அது.

ஆனால் அதே அளவுகோலைக் கொண்டு நேர்மாறான முடிவுக்கு வந்த இன்னொருவரும் அக்காலத்தில் இருந்தார். அவரைக் குறிப்பிடாமல் விட்டால் நம் ஆராய்ச்சி ஒருதலைப்பட்சமாகிவிடும். அவர் ஜாக்கி ராபின்சன். 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவில் இடம்பெற்று, வெள்ளையர்க்கு மட்டுமே உரியதாக இருந்த பேஸ்பால் பெருங்குழுக்களில் நிறத்தடையை உடைத்தவர். அவரும் 1960இல் நிக்சனை ஆதரித்தார். காரணம் கேட்டவர்களுக்கு அவர் தயங்காமல் விடை சொன்னார். கென்னடி அலபாமாவின் இனப்பாகுபாட்டு ஆளுநரைத் தம் வீட்டுக்கு அழைத்து விருந்தளித்தார் என்பது ஒன்று. கென்னடியை நேரில் சந்தித்தபோது அவர் தம் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பது மற்றொன்று. நிக்சனோ அவருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். 1957ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்திற்காகக் குரல் கொடுத்தவர். அதே ஆண்டு கானா நாட்டு விடுதலை விழாவில் இளைய கிங்கைச் சந்தித்து உரையாடியவரும் அவரே. அப்படியிருந்தும் இளைய கிங்கின் மனத்தில் ஓர் ஐயம் இருந்தது. நிக்சன் உள்ளொன்று வைத்துப் பேசுபவராக இருப்பின், அமெரிக்காவிலேயே மிக ஆபத்தான மனிதர் அவராகத்தான் இருப்பார் என்று 1958இல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

கிங் சிறையிலிருந்தபோது ராபின்சன் நிக்சனைத் தேடிச் சென்று, கிங்குக்காக ஏதாவது செய்யுங்கள் என்று மன்றாடினார். சில நிமிடங்களில் கண்ணீர் மல்க வெளியே வந்தார் என்று, நிக்சனின் பிரசாரப் பணியில் ஈடுபட்டிருந்த வில்லியம் சஃபையர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அப்படிச் செய்வது விளம்பரத்துக்காகச் செய்வதாகும் என்று நிக்சன் கூறிவிட்டாராம். நீதிபதியின் வேலையில் தலையிடுவது வழக்கறிஞருக்கு அழகன்று என்பதும் அவர் கருத்து. சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் குற்றம் காண்பது கடினம். ராபர்ட் கென்னடி நீதிபதியை அழைத்ததே முறைகேடு என்று வாதிடலாம். ஆனால் ஒரு கருவுற்ற பெண்ணுக்கு ஆறுதல் சொல்ல எந்தச் சட்டம் தடை விதித்தது?

ராபின்சன் கலங்கினார், விலகவில்லை. தேர்தல் நாள்வரை நிக்சனுக்காகவே பேசினார். ஒருமுறை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்று இதைப் பாராட்டுவோரும் உளர். நான் அவ்வாறு பாராட்டத் தயங்குகிறேன். மூத்த கிங்குக்கு மனம் மாறும் துணிவு இருந்தது. ராபின்சனுக்கு அந்த வாரத்தில் அது வாய்க்கவில்லை என்றே எண்ணுகிறேன். 1968இல் குடியரசுக் கட்சி மீண்டும் நிக்சனை நிறுத்தியபோது ராபின்சன் ஜனநாயகக் கட்சியின் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை ஆதரித்தார்.

இவர்கள் இருவருக்கும் இடையில் இளைய கிங் ஒரு மூன்றாம் வழியில் நின்றார். சிறையிலிருந்து மீண்டதும், கென்னடிக்குத் தாம் பெரிதும் கடமைப்பட்டிருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார், நன்றி நவின்றார். ஆனால் அவருக்கு வாக்களியுங்கள் என்று சொல்ல மறுத்துவிட்டார். இயக்கத்தின் தலைவன் கட்சிகளுக்கு அப்பாற்பட்டு நிற்க வேண்டும் என்றார். சிறைப்பட்டவர் அவர், விடுதலை பெற்றவரும் அவர். நன்றிக்கடன் அவருக்கே மிகுதி. அந்தக் கடனை வாக்கால் அடைக்க மகன் மறுக்க, தந்தை முன்வந்து அடைத்தார். ஒரே குடும்பத்தில், ஒரே நாளில், இரு முடிவுகள். எது சரி என்று வகுப்பில் கேட்டால் மாணவர்கள் உடனே மகன் பக்கம் சாய்வர். அவர்கள் சாய்வதற்குமுன் தந்தையின் வயதையும், அவர் கடந்து வந்த பாதையையும் ஆசிரியர்கள் அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

தந்தையின் சொல் வீண்போகவில்லை. கென்னடியின் பணியாளர்கள் அவருடைய அறிவிப்பையும் வேறு சிலரின் கூற்றுகளையும் தொகுத்து வெளிர்நீலத் தாளில் ஒரு சிறு துண்டறிக்கை அச்சிட்டனர். வாய் திறவாத நிக்சனையும் இதயமுள்ள கென்னடியையும் ஒப்பிடுவதாக அதன் தலைப்பு அமைந்தது. ஏறத்தாழ 20 இலட்சம் படிகள் நாடெங்கும் சென்றன. தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையான நவம்பர் 6ஆம் நாள், கறுப்பர் திருச்சபைகளின் வாயில்களில் அவை கைக்குக் கை மாறின. வெள்ளையர் நடத்திய நாளிதழ்கள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பணியாளர்கள் விரும்பியதும் அதுவே.

நவம்பர் 8ஆம் நாள் 6 கோடியே 88 இலட்சம் பேர் வாக்களித்தனர். வழக்கமான கணக்கின்படி கென்னடி முந்தியது ஏறத்தாழ 1,13,000 வாக்குகளால் மட்டுமே. இல்லினாய் மாநிலத்தில் வேறுபாடு 9,000கூட இல்லை. கேலப் நிறுவனத்தின் கணிப்பின்படி, 1956இல் வெள்ளையரல்லாத வாக்காளர்களில் 100க்கு 39 பேர் குடியரசுக் கட்சியை ஆதரித்தனர். 1960இல் அது 32ஆகக் குறைந்தது. இவ்வளவு மெலிந்த வேறுபாட்டில் எந்தக் காரணத்தையும் 'இதுவே வெற்றி தந்தது' என்று கூற இயலும். தொலைக்காட்சி விவாதங்கள், டெக்சசில் லிண்டன் ஜான்சனின் செல்வாக்கு, சிகாகோ மாநகரத் தலைவரின் கைவரிசை என்று பட்டியல் நீளும். ஆயினும் அந்த நீலத்தாளை விலக்கிவிட்டு இத்தேர்தலை எழுதும் வரலாற்றாசிரியர் அரியர்.

மூத்த கிங் மடியில் கொட்டிய வாக்குகளுக்குக் கைம்மாறு உடனே வரவில்லை. நடுவண் அரசின் உதவிபெறும் வீட்டுவசதியில் நிலவிய பாகுபாட்டைப் பேனாவின் ஒரு கீற்றால் ஒழிக்கலாம் என்று பிரசாரத்தில் பேசியிருந்த கென்னடி, அதிபரானபின் அந்தக் கையெழுத்தை இட 1962 நவம்பர்வரை காத்திருந்தார். பொறுமையிழந்த மக்கள் வெள்ளை மாளிகைக்குப் பேனாக்களை அஞ்சலில் அனுப்பி நினைவூட்டினர். 1963 ஜூன் 11ஆம் நாள்தான் அவர் நாட்டு மக்களிடம் இனச்சமத்துவத்தை ஓர் அறப்பிரச்சினையாக முன்வைத்துப் பேசினார். அவர் கேட்ட சட்டம், அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1964 ஜூலை 2ஆம் நாள் ஜான்சனின் கையெழுத்தால் நிறைவேறியது. தொலைபேசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீதிபதியை அழைத்துக் கிங்கின் விடுதலைக்கு வழிவகுத்த அதே ராபர்ட் கென்னடி, தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்தபோது, 1963 அக்டோபரில் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க நடுவண் புலனாய்வுப் பணியகத்துக்கு ஒப்புதல் அளித்தார்.

தந்தை நெடுநாள் வாழ்ந்தார். 1968இல் மகனையும், 1974இல் எபனேசர் திருச்சபையிலேயே சுடப்பட்ட மனைவியையும் பறிகொடுத்தார். இவ்வளவுக்குப் பிறகும் 1976இல் மீண்டும் ஓர் அதிபர் வேட்பாளருக்காக எழுந்து நின்றார். ஜார்ஜியாவின் முன்னாள் ஆளுநர் ஜிம்மி கார்ட்டர் அவ்வாண்டு ஏப்ரலில், இனக் குடியிருப்புகளின் தூய்மை பற்றி நாத்தவறிப் பேசிவிட்டு, கறுப்பின மக்களின் சினத்துக்கு ஆளாகி, மன்னிப்பும் கேட்டிருந்தார். மூத்த கிங் அட்லாண்டாவில் மக்கள் முன்னிலையில் அவரை மன்னித்துத் தழுவிக்கொண்டார். கட்சி மாநாட்டின் இறுதியில் வாழ்த்து வேண்டுதல் செய்தவரும் அவரே. கார்ட்டரை அவர் பலகாலமாக அறிந்தவர். ஆளுநராக இருந்தபோது, 1974இல், மாநில அரசின் தலைமைக் கட்டடத்தில் இளைய கிங்கின் படத்தை மாட்டி வைத்தவர் கார்ட்டர். ஓட்டுநர் உரிமத்தை மாற்றாத குற்றத்துக்காக அந்த மகனைக் கால்விலங்கிட்டுச் சிறைக்கு அனுப்பிய அதே ஜார்ஜியாவின் சுவரில் அந்தப் படம் தொங்கியது.

என் மாணவியின் கட்டுரையேட்டை நான் திரும்பப் பெற இயலவில்லை. அவள் பள்ளியை விட்டுச் சென்று பல ஆண்டுகளாகின்றன.